குறியை எடுக்க வேண்டாம் என்றீர்கள்

உங்கள் வீட்டுக்குப் போகிற வழியில், வாழப்பாடி பஸ் நிலையத்துக்கு வெளியே தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “பழமாப் பாத்து எடுத்துக்குங்க சாமி” என்றார். பார்த்துத்தான் எடுத்தேன். சிவந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டே வந்த கை பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் ஒருநாளும் தக்காளியைப் பார்த்து எடுத்ததில்லை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கி, முகர்ந்து, பிறகுதான் பைக்குள் போடுவீர்கள். “ஏனுங்க, தக்காளி வாங்கறீங்களா, பொண்ணுப் பாக்கறீங்களா?” என்று நானே கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே அடுத்ததை அமுக்குவீர்கள்.

சேலத்தில் அந்த மாடி அறையில் எத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் மில்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதினோம். நான் திருச்செங்கோட்டிலிருந்து வருவேன், நீங்கள் வாழப்பாடியிலிருந்து. இரண்டு பேருக்கும் கல்லூரி கிடையாது. தப்பாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவர்கள். அதனாலேயே யார் என்ன சொன்னாலும் எனக்கு லேசில் ஒத்துவராது. உங்களுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அசைக்க முடியாது.

எழுதும் நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு இலவசக் கருவி வைத்திருந்தோம். உலகத்தின் மூலை மூலையிலிருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுகிற கருவி. என்ன மாறியது என்று கட்டளை தட்டிக் கேட்டால், நீக்கிய வரிகளைச் சிவப்பிலும் சேர்த்த வரிகளைப் பச்சையிலும் காட்டும். சிவப்பு வரியின் தலையில் ஒரு கழித்தல் குறி, பச்சை வரியின் தலையில் ஒரு கூட்டல் குறி.

அந்தக் குறிகள்தான் எனக்குத் தொல்லை. திரையிலிருந்து நாலு வரியை எடுத்து நிரலில் ஒட்டினால் குறியும் சேர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். நிறமே போதுமே, குறி எதற்கு? கட்டளையோடு ‘நோ-சைன்’ என்று சேர்த்துத் தட்டினால் குறிகள் மறைந்து நிறம் மட்டும் நிற்கும்படி ஓர் ஆப்ஷன் எழுதினேன். ஒரு கோடைக்காலம் முழுக்க அதற்குப் போயிற்று. கருவியின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். முகம் தெரியாத ஆட்கள் வரிக்கு வரி படித்தார்கள், ஒரு சின்ன இடைவெளியைக்கூட விடாமல் கேள்வி கேட்டார்கள். நல்ல ஆப்ஷன் என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

பிறகு, அதே குழுவில் இருந்த உங்கள் பதில் வந்தது. ஒரே வார்த்தை. வேண்டாம்.

பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த பதில். நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே எழுதினேன்: காரணம் சொல்லாத ஆட்சேபத்தை ஏற்க மாட்டேன். சில நாட்கள் வழக்கம்போலப் போயின. வேலை பார்த்தோம், கீழே போய் டீ குடித்தோம், மில் முதலாளிகளைத் திட்டினோம். ஆப்ஷனைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில் குழுவில் உங்கள் வரி வந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம், யாராவது குறியை எடுத்துவிட்டு அனுப்பினால் எது போனது எது வந்தது என்று தெரியாது.

மூன்று முறை படித்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தத் தக்காளி. ‘பச்சையில இருக்கறதப் பாருங்க’ என்று நான் சொன்னால் ‘எத்தனாவது வரி?’ என்று நீங்கள் கேட்பது.

“ஏனுங்க, இத்தன வருசம் பக்கத்துல உக்காந்திருக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னங்க?”

“நீங்க கேக்கலியே.”

“காரணம் கேட்டது நாந்தானுங்க.”

“நீங்க எழுதிக் கேட்டீங்க, நானும் எழுதிச் சொன்னேன். நேர்ல கேட்டிருந்தா, வாங்க டீ சாப்பிடப் போலாம்னிருப்பேன்.”

“அப்ப எம்பட பச்சச் சட்டய இத்தன நாளா என்ன நெறம்னு நெனச்சீங்க?”

“நெறம் தெரியாது. நல்லால்லன்னு மட்டும் தெரியும்.”

சிரித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். கண் பரிசோதனையில் ரயில்வே வேலை போனதாம். வெளியே சொன்னால் பையனுக்குக் கண் சரியில்லை என்று ஊரில் பேராகிவிடும், வாயைத் திறக்காதே என்றாராம் உங்கள் அப்பா. “ஊட்டுக்காரிக்கே தெரியாதுங்க” என்றீர்கள். “இன்னைக்குச் சாயங்காலம் சொல்லிறணும். வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனி அவளுக்குத் தெரியலன்னா தப்பு.”

குழுவில் அதன் பிறகு வந்த கடிதங்களை உங்கள் தோளுக்கு மேல் நின்று படித்தேன். எனக்கும் அப்படித்தான் என்று பனி கொட்டும் ஊரிலிருந்து ஒருவர் எழுதினார். அந்தக் கருவியையே பல வருஷம் கட்டிக்காத்த ஒருவரும் அதையே எழுதினார். அவர்களும் அதுவரை சொன்னதில்லை. என் ஆப்ஷன் அதோடு கிடப்பில் போடப்பட்டது.

அது நல்ல ஆப்ஷன் என்றுதான் இன்றும் சொல்வேன். ஊர் உலகத்துக்குச் சொல்லிவிட்டு எனக்குக் கடைசியில் சொன்னீர்களே, அந்தக் கோபமும் ஆறவில்லை. ஆனால் நான் வியந்து நிற்பது வேறொன்றை எண்ணி. நான் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போன இடங்களில்தான் நீங்கள் பிழை பிடித்தீர்கள். கூலிக் கணக்கில் ஒரு வரி இடம் மாறி உட்கார்ந்திருந்ததை, வட்டி இரண்டு தடவை கூடியதை, எல்லாவற்றையும் அந்தச் சின்னக் குறியை மட்டும் பிடித்துக்கொண்டு கண்டீர்கள். எனக்குத் தெரிந்த எவருக்கும் அப்படிப் படிக்கத் தெரியாது.

நீங்கள் இறந்த பிறகு, போன மாதம், குழுவில் ஒருவர் என் ஆப்ஷனைத் தூசி தட்டி எடுத்தார். என் பெயரையே போட்டு, மிகவும் புகழ்ந்து, சேர்த்துவிடலாம் என்றார். முதலில் ஆட்சேபித்தவர் இப்போது இல்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். மற்றவர்கள் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு கோடைக்கால உழைப்பு. நான் பேசாமல் இருந்தாலே போதும், கருவிக்குள் போய்விடும்.

என் திரையில் நிறத்தை அணைத்துவிட்டு, அந்த ஆப்ஷனைத் தட்டிப் பார்த்தேன். நீக்கியதும் சேர்த்ததும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே சாயலில், வரிவரியாகக் கிடந்தன. என் சொந்த நிரல். எது போனது, எது வந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்.

நிறத்தை அதற்குப் பிறகு போடவில்லை. குறியைப் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறேன். பழகவில்லை, கண் வலிக்கிறது. நீங்கள் ஒரு டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கிற மாற்றத்துக்கு எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. நேற்று ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டேன். நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.