நாலு பேருக்கு ஒரே டம்ளர்

மார்ச் 3
நண்பன் சோடாபுட்டிக்கு எச்.ஐ.வி. என்று ரிசல்ட் வந்துவிட்டது. கண்ணாடி நழுவ நழுவ அழுதான். தட்டிக்கொடுத்தேன். உள்ளுக்குள் ஓர் அற்பப் பெருமை. அவனும் நானும் இன்னும் இரண்டு பேருமாக நாலு பேரும் சேர்ந்துதான் போதை ஊசி ஏற்றுவோம். ஆனால் என் ஊசியை நான் எவனுக்கும் தந்ததில்லை.

மார்ச் 4
போதை மறுவாழ்வு மையத்து நர்ஸிடம் அதையே சொல்லி மார்தட்டினேன்.
"ஊசி சரி. கரைக்கிற தண்ணி?"
"அது ஒரே டம்ளர்தான்."
"எல்லார் ஊசியும் அதுலதான் முங்குச்சா?"
அந்தத் தண்ணீர் வழியாகவும் கிருமி பரவுமாம். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்!
இன்றைய சோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கிருமி உடனே தெரியாதாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் நிச்சயம். மூணு மாசம்! எப்படித் தூங்குறது?

மார்ச் 5
என் தட்டைத் தனியே வைத்தேன். அக்கா எடுத்து மற்றவற்றோடு போட்டாள். "தட்டுல ஒட்டாதாம், நர்ஸ் சொன்னாங்க. கிறுக்குத்தனம் பண்ணாத."

மார்ச் 20
ஊசிப் பழக்கத்தை விடுவதற்காக, தினமும் மையத்தில் நாக்குக்கடியில் மாத்திரை. ஒரே கசப்பு. வரிசையில் சோடாபுட்டி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம் அவன்மேலா? அந்த டம்ளரைக் கொண்டுபோனதே நான்தானே.

ஏப்ரல் 27
வெல்டிங் பட்டறையில் வேலை. கேட் ஒன்றைப் பற்றவைத்தேன். முதலாளி விரலால் தடவிப் பார்த்தார். "ஒட்டுன இடமே தெரியலையேடா!"

ஜூன் 6
இல்லை! இல்லை! இல்லை! எனக்கு இல்லை!
தெருவிலேயே கத்தினேன். அக்கா அழுதாள், அழுது முடித்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மூணு மாசம் என்னைப் படுத்துனதுக்கு."
சோடாபுட்டி ஓடிவந்து கட்டிக்கொண்டான். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். வெட்கமாகிவிட்டது. டம்ளர் விஷயத்தைச் சொன்னேன்.
"யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு நோண்டுனா போயிடுமா? விடுடா. எனக்கு எச்.ஐ.வி. மாத்திரை நல்லா கேக்குது."

நவம்பர் 11
சோடாபுட்டியின் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மாத்திரையை மட்டும் விடக்கூடாது. "டாக்டரே கைகுடுத்தாருடா!" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டான். சொல்லட்டும்.
ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும்தான் மையத்தில், ஊசியை இன்னும் விடாதவர்களுக்குப் புது ஊசியும் சின்னச் சின்னத் தண்ணீர்க் குப்பிகளும் கொடுக்கிறோம். இன்று ஒரு பெயிண்டர் வந்தார். ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.
"என் ஊசிய எவனுக்கும் தரமாட்டேன், தெரியும்ல?"
நானும் சோடாபுட்டியும் ஒரே நேரத்தில் கேட்டோம்: "தண்ணி?"
"எந்தத் தண்ணி?" என்றார். அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டோம்.