என் உயரத்துக்கு ஒரு மலைச் சைக்கிள்

19 ஜனவரி 2025, ஞாயிறு

ஹாண்டிலின் அதிர்வு உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. எழுத வருகிறதா என்று பார்க்கத்தான் இதை எடுத்தேன்.

லேபில் என்னோடு ரத்தம் எடுக்கும் சுபிதா, ஒரு வருஷமாக ‘வா, வா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இன்று காலையில் என்னை வேளிமலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். தன் மலைச் சைக்கிளை என் கையில் தந்துவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். ரப்பர் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை. பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம். சங்கிலி அதில் ஏறியதும் மேடு மேடாகவே இல்லை. பைய, நடக்கிற வேகத்தில், ஆனால் நிற்காமல் ஏறினேன். நான். தக்கலை பஸ் ஸ்டாண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள்.

ஒரு திருப்பத்தில் சுபிதா நிறுத்தச் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். ரப்பருக்கு மேலே தென்னை, தென்னைக்கு மேலே கடல். குளச்சல் தெரிந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். அந்தக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இந்த மலை நீலமாகத் தெரியும். எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மலையில் நின்று ஊரைப் பார்த்தது இல்லை. கல்யாணமாகி திருவிதாங்கோட்டுக்கு வந்த பிறகு மலை இன்னும் பக்கம்தான். அப்படியும் பார்க்கவில்லை. யா அல்லாஹ், இது இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்ததா?

“ஏட்டி, மூச்சு விடு” என்றாள் சுபிதா. விட மறந்திருந்தேன்.

21 ஜனவரி, செவ்வாய்

எனக்கு ஒரு மலைச் சைக்கிள் வேண்டும். சொல்லியாயிற்று.

2 பிப்ரவரி, ஞாயிறு

மலைச் சைக்கிள் மாதிரி இருப்பது வேறு, மலைச் சைக்கிள் வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. நடுவில் தடித்த ஸ்பிரிங் வைத்து, பளபள ஸ்டிக்கர் ஒட்டி நிற்பதெல்லாம் பார்வைக்குத்தான். சுபிதா சொன்னது: பின்னால் சஸ்பென்ஷன் வேண்டாம், முன்னால் ஒன்று போதும், அது நல்லதாக இருக்கட்டும். டிஸ்க் பிரேக் கம்பியில் இழுப்பதாக இல்லாமல் எண்ணெயில் இயங்குவதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதலில், ஃப்ரேம் நம் அளவாக இருக்க வேண்டும். மற்றதைப் பிறகு மாற்றலாம், ஃப்ரேமை மாற்ற முடியாது.

என் வீட்டுக்காரர் ஃபாயிசிடம் சொன்னேன். ஹார்டுவேர் கடைக்காரர் அல்லவா, உடனே தீர்ப்பு சொன்னார். “கனம் இருக்கா பாரு. கனம் இருந்தாத்தான் சாதனம்.”

எனக்கு இதுவரை எல்லாம் யாரோ பார்த்து எடுத்தது. படிப்பு வாப்பா பார்த்தது, மாப்பிள்ளை மாமா பார்த்தது (குறை சொல்லவில்லை), ஸ்கூட்டர் ஃபாயிஸ் பார்த்தது. இதை நானே பார்த்து எடுக்க வேண்டும்.

8 பிப்ரவரி, சனி

மார்த்தாண்டம் போனேன். கடைக்காரர் ஜாஸ்பர் வாய் ஓயாமல் பேசுகிறார். ஆனால் என் காலளவை எடுத்துவிட்டுத்தான் சைக்கிளையே காட்டினார். ஐந்து வண்டியில் ஏற்றி இறக்கினார். ஐந்தாவது, பச்சையும் சாம்பலும் கலந்த ஒன்று, ஸ்மால் சைஸ். அதில் உட்கார்ந்ததும் ஜாஸ்பரே பேச்சை நிறுத்தினார். கை நீட்டிய இடத்தில் ஹாண்டில் இருந்தது, கால் நீட்டிய இடத்தில் பெடல் இருந்தது. ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டேன், நின்றது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்து என் உடம்பை எப்படித் தெரிந்துகொண்டன? கடையைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினேன். முகம் முழுக்கச் சிரிப்பு என்று கண்ணாடியில் தெரிந்தது.

பெருநாள் கழிந்து வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

தவறு செய்துவிட்டேன். வீடியோ காலில் சபீரிடம் சைக்கிள் கதையைச் சொல்லிவிட்டேன்.

சபீர் என் தம்பி. பத்தொன்பது வயதில் வெளிநாட்டு வேலைக்குத் தமாம் போனவன். அவனிடம் எதையும் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லக் கூடாது. உம்மா ஒருமுறை டிவியில் ஒரு கம்பளியைப் பார்த்து ‘கொள்ளாமே’ என்றாள். அடுத்த கார்கோ பெட்டியில் கம்பளி. குளச்சலில் கம்பளி போர்த்திக்கொண்டு யார் தூங்குவது? உம்மா போர்த்தினாள். பெட்டியில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீடுகளில் யாருக்கும் வாய் வராது. அனுப்பியவன் அங்கே என்ன சாப்பிட்டான் என்று யாருக்குத் தெரியும்?

“சைக்கிளா? மலையிலயா? கொள்ளாம் லாத்தா” என்றான். அதோடு விட்டுவிட்டான். அதுதான் பயமாக இருக்கிறது.

16 மார்ச், ஞாயிறு

நோன்பு. மாடியிலிருந்து மலையைப் பார்த்தேன்.

12 ஏப்ரல், சனி

சபீரின் பெட்டி வந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

கறுப்பு, சிவப்பு. முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங். ஃபாயிஸ் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, முடியாமல் இரு கையால் தூக்கி, “இது சாதனம்” என்றார். கடைக்குப் போய் ஸ்பேனர் கொண்டுவந்து அவரே பூட்டினார். நான் ஃப்ரேமில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தேன். எல். லார்ஜ். ஐந்தடி ஒரு அங்குலத்தில் நான் நிற்கிறேன்.

சபீர் போனில் காத்திருந்தான். “பிடிச்சிருக்கா?”

“நல்லா இருக்கு மக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது? போட்டோ கேட்டான். ஏறி உட்கார்ந்து, காலுக்குக் கீழே கல் வைத்து, கல் தெரியாமல் எடுத்து அனுப்பினோம்.

27 ஏப்ரல், ஞாயிறு

விழுந்தேன். வலது கையால் எழுதுகிறேன், இடது கையில் கட்டு.

மலைப்பாதையில் ஏறும்போது ஒன்றுமில்லை. இறக்கம்தான். வண்டி தன் கனத்தில் ஓட ஆரம்பித்தது. பின் பிரேக்கைத்தான் பிடித்தேன். பின் பிரேக்தான் பிடித்தேன், எனக்குத் தெரியும், இடது கை, தினமும் ஸ்கூட்டரில் பிடிக்கிற கை — முன்சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலே போய் ஒரு ரப்பர் மரத்து மூட்டில் விழுந்தேன். சுபிதா ஓடிவந்தாள். “அசையாத, ஷிபா. விரல மடக்கு. மடக்கு பாப்பம்.” மடங்கியது. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு சுளுக்கு. பத்து நாளைக்கு நரம்பு தேடி ஊசி போட முடியாது.

பிரேக் பிடித்தேனே. ஏன்?

28 ஏப்ரல், திங்கள்

சபீருக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன்.

10 மே, சனி

சைக்கிளை ஃபாயிஸ் வண்டியில் ஏற்றி மார்த்தாண்டம் கொண்டுபோனோம். ஜாஸ்பர் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கேட்டார். “அக்கா, இது வெளியில இருந்து வந்ததா? அங்க இடது கைதான் முன் பிரேக். நமக்கு வலது. மாத்தலியா?”

நானும் ஃபாயிசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அங்கிருந்து மிக்சி வந்தால் பிளக்கை மாற்றுவோம். அயர்ன் பாக்ஸ் வந்தால் பிளக்கை மாற்றுவோம். இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சைக்கிளுக்கும் பிளக் மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜாஸ்பர் பிரேக் குழாய்களைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். சீட்டையும் தாழ்த்தினார். “ஆனாலும் இது ஆறடி ஆளுக்கு உள்ள வண்டி. சீட்ட எவ்வளவு எறக்கினாலும் ஹாண்டில் கைக்கு எத்தாது. இதுல எறக்கம் எறங்காதீங்க.”

பச்சைச் சைக்கிள் எங்கே என்று கேட்டேன். போன வாரம் போய்விட்டதாம்.

திரும்பி வரும்போது அழுதேன். சைக்கிளுக்கு. ஃபாயிஸ் வண்டியை நிறுத்தி சர்பத் வாங்கித் தந்தார்.

25 மே, ஞாயிறு

பிரேக் சரியாகிவிட்டது. கை சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு முன்னால் உள்ள சின்ன இறக்கத்தில்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன். வேறு ஒன்று வாங்கலாம் என்கிறாள் சுபிதா. வாங்கினால் அது சபீர் முகத்தில் அடிப்பது. வாங்காவிட்டால் நான் அந்தத் திருப்பத்துக்கு இனிப் போகப்போவதில்லை. ஓட்டினேனா ஓட்டினேனா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். ஓட்டினேன் என்கிறேன்.

மலை அங்கேயே இருக்கிறது. மழை மேகம் ஏறினால் பாதியும், விலகினால் முழுதுமாகத் தெரிகிறது. பார்க்கப் பார்க்க ஒரு பசி.

14 ஜூலை, திங்கள்

சபீர் லீவுக்கு வந்துவிட்டான். உயரம் இன்னும் கூடியதுபோல் இருக்கிறது, அல்லது மெலிந்திருக்கிறான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, சைக்கிள் எப்படி ஓடுகிறது?

20 ஜூலை, ஞாயிறு

இதை முழுசாக எழுத வேண்டும்.

காலையில் குளச்சலிலிருந்து வந்தான். ஆப்பமும் இறைச்சியும் சாப்பிட்டான். “ஓட்டிக் காட்டு லாத்தா” என்றான். ஃபாயிஸ் வானத்தைப் பார்த்தார். நான் ஏறினேன். பெருவிரல் நுனி தரையில், முதுகு ஹாண்டில்வரை நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்து. நாலு முழம் ஓட்டி இறங்கினேன்.

சபீர் சிரிக்கவில்லை. “கால் எத்தலியே?”

“பழகிப் போவும்.”

“இல்ல, நான் ஏறி இருந்து பாத்துத்தானே எடுத்தேன். எனக்கு நல்லா சரியா இருந்துது.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். முகம் கன்றிப்போனது.

“ஏறியா பாத்த?” என்றேன்.

“ஆமா. கடைக்குள்ளயே ரெண்டு ரவுண்டு சவுட்டினேன். கடைக்காரன் சிரிச்சான்.” பிறகு மெதுவாக, “நல்லா இருந்துது லாத்தா” என்றான்.

நான் மார்த்தாண்டத்தில் ஓட்டியதும் இரண்டு சுற்றுதான். என் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பு அவன் முகத்திலும் இருந்திருக்கும். மிக்சி எங்களுக்கு, கம்பளி உம்மாவுக்கு, நகை என் கல்யாணத்துக்கு. இவன் தனக்கென்று எதை வாங்கினான்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தன் அளவுக்கு ஒரு சைக்கிளை ஆசையாக எடுத்து, அதையும் எனக்கு அனுப்பிவிட்டிருக்கிறான். எதைக் கொண்டு செய்தது இவன் மனசு? என் தம்பியை நான் இதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்று பட்டது, மலையைப் பார்க்காததுபோலவே.

சீட்டை உயர்த்தி, ஏறு என்றேன்.

“ஒனக்கு வாங்கினத நான் எடுக்கவா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?”

“சபீரே, நான் எனக்குன்னு ஒரு சைக்கிள பாத்து எடுக்கணும்னு ஆசப்பட்டேன். இன்னும் அந்த ஆச தீரல்ல. நானே பாத்து எடுக்க நீ சம்மதம் தா. இத நீ வச்சுக்க.”

கேட்காமலே எல்லாம் தந்தவனிடம் நான் கேட்டது இது ஒன்றுதான். ஏறினான். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தான். மறுபடி போனான். மறுபடி.

2 ஆகஸ்ட், சனி

ஜாஸ்பர் கடைக்கு அதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது. பச்சை இல்லை, மண் நிறம். பத்தொன்பது கேள்வி கேட்டேன் என்று ஃபாயிஸ் எண்ணினார். முன் பிரேக் எந்தக் கையில் என்பது முதல் கேள்வி. எடுத்துவிட்டேன். நானே.

ஃபாயிஸ் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். எளிதாகத் தூக்கினார். “கனமே இல்லியே” என்றார், கவலையாக.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நாங்கள் மூன்று பேர். சுபிதா முன்னால், நான் நடுவில், சபீர் பின்னால். அந்தக் கனத்தை அவன் பெருமூச்சோடு தள்ளி ஏற்றினான், ஆனால் இறங்கவில்லை. இரவில் மழை பெய்து பாதையைக் கழுவியிருந்தது. திருப்பத்தில் நின்றோம்.

சபீர் கடலோரத்தில் எதையோ தேடினான். “நம்ம பள்ளி மினாரா?” என்று கை காட்டினான். இவ்வளவு தூரத்தில் தெரியுமா, தெரியாதா, எனக்குத் தெரியாது. ஆமா என்றேன். “நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இதுக்கு மேலதான் பிளேன்ல போறேன் லாத்தா. ஒருநாளும் கண்டதில்ல” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். வியர்வையாகவும் இருக்கலாம்.

பிறகு இறக்கம். நான் விழுந்த ரப்பர் மரம் வந்தது. சுபிதா திரும்பாமலே கத்தினாள். “பின்னால இரு, ரெண்டு விரல், பைய.” பின்னால் சாய்ந்தேன். இரண்டு விரலால் தொட்டேன். வண்டி கேட்டது. கல்லின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியதை சஸ்பென்ஷன் வாங்கிக்கொண்டது, என் கைக்கு ஒரு தட்டல் மட்டும் வந்தது. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து தலைத்துணியைப் படபடக்க வைத்தது. கீழே வரும்வரை நான் காலை ஊன்றவே இல்லை.

கீழே வந்துதான் சபீரிடம் ஏப்ரல் மாதத்து விழுகையைச் சொன்னேன். திட்டினான். திட்டட்டும்.

5 செப்டம்பர், வெள்ளி

சபீர் போய்விட்டான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். களியக்காவிளை தாண்டும்வரை உம்மா அழுதுகொண்டே வந்தாள்.

சைக்கிள் எங்கள் வீட்டு வராந்தாவில் நிற்கிறது. இடம் அடைக்கிறது, விற்றுவிடலாமா என்றார் ஃபாயிஸ். நான் பார்த்த பார்வையில் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

21 செப்டம்பர், ஞாயிறு

காலையில் மலைக்குப் போய்வந்தேன், தனியாக. மதியம் சபீர் கூப்பிட்டான். உம்மா, மருந்து, பெண் பார்க்கிற பேச்சு எல்லாம் முடிந்து போனை வைக்கப் போனவன், வைக்காமல் நின்றான்.

“லாத்தா.”

“சொல்லு.”

“என் சைக்கிளுக்கு காத்து இருக்கா? சும்மா நின்னா டயர் கெட்டுப் போவும். வாரத்துக்கு ஒருக்கா அடிச்சு வை, கேட்டியா. சீட்ட யாரும் தாழ்த்தாண்டாம்.”

அவன் தனக்கென்று என்னிடம் ஒன்றைக் கேட்டு எனக்கு நினைவில்லை. சரி என்றேன்.

பம்பை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். இரண்டு டயருக்கும் அடித்தேன். சீட்டில் தூசி இருந்தது, துடைத்தேன்.