முதல் கதிர்க்கட்டு

தென்னம்பாடி,
பூம்புகார் வழி
12.9.1994

அன்புள்ள தம்பி டேவிட்சனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நியூயார்க் பேங்கில் உனக்குப் பெரிய நாற்காலி கிடைத்ததைச் சபையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சிலருக்கு இரண்டு தடவை சொன்னேன் என்று உன் அத்தான் கேலி செய்கிறார்.

அப்பா என் பேருக்கு எழுதிய வயலை ஒட்டி ஒரு கம்பெனி இறால் பண்ணை வெட்டியிருக்கிறது. கடல் தண்ணீரை ஏற்றுகிறார்கள். கழிவை நம் வாய்க்காலில் விடுகிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கல் உப்புப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, குடித்தால் தெரியும். இப்போது நாற்று குடித்துக்கொண்டிருக்கிறது. நீ பேங்க்காரன். இந்தக் கம்பெனி யார் சொன்னால் கேட்கும் என்று எழுது.

உன் அக்கா,
அருள்செல்வி

நியூயார்க்
10.10.1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்ததே எங்கள் பேங்க்தான்! கடன் மனுவில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கூட்டத்தில் நானே அதற்காக எழுந்து பேசினேன். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தவர்கள் அன்று கைதட்டினார்கள். இனி நம் பிள்ளைகள் வேலைக்குச் சிங்கப்பூர் போக வேண்டாம். அத்தானுக்கும் பண்ணையில் மேற்பார்வை வேலை கேட்கிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு நாம் சர்ச்சில் காணிக்கை வைக்கும் முதல் கதிர்க்கட்டை, வழக்கம்போல ஏலத்தில் என் பேருக்கே திரும்ப எடுத்துவிடுங்கள். அது வேறு வீட்டுக்குப் போகக் கூடாது.

அன்புத் தம்பி,
டேவிட்சன்

தென்னம்பாடி
5.1.1995

தம்பிக்கு,

நீ சிரித்ததாக எழுதிய வரியை அத்தானுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன்.

பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் நுனியிலிருந்து கருகுகிறது, அடுப்பில் காட்டிய காகிதம் மாதிரி. பம்புத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிகிறது. பண்ணை மேனேஜரிடம் போனேன். "அமெரிக்காவுலேர்ந்து ஒரு வரி வரட்டும் டீச்சர், நாளைக்கே வாய்க்கால்ல விடறத நிறுத்திடறோம்" என்றார்.

அந்த ஒரு வரியை எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

நியூயார்க்
26.1.1995

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். சொந்த அக்கா நிலத்துக்காகப் பேசினால் இங்கே என் நேர்மையைச் சந்தேகிப்பார்கள். வெளியிலிருந்து வந்தவனுக்கு இந்த நாற்காலியை ஒரு தடவைதான் கொடுப்பார்கள். ஒரு போகம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேவிட்சன்

தென்னம்பாடி
20.3.1995

டேவிட்சனுக்கு,

அறுப்பின் பண்டிகை முடிந்தது. பாஸ்டர் நம் குடும்பத்தைக் கூப்பிட்டபோது வெறுங்கையோடு எழுந்து நின்றேன். கம்பெனி ஒரு கூடை இறால் காணிக்கை அனுப்பியிருந்தது. "நம் சபையின் பிள்ளை டேவிட்சனால் வந்த ஆசீர்வாதம்" என்று பாஸ்டர் ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன்.

ஏலம் போட்ட சாமிதுரை, "ஏன் டீச்சர், தம்பி பேருக்கு இந்தக் கூடைய எடுத்துடுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தான் வெளியே போய்விட்டார்.

வருஷாவருஷம் அந்தக் கதிர்க்கட்டின் மணிகளை உதிர்த்து விதைநெல்லில் கலப்போம். இந்த வருஷம் விதைநெல்லே இல்லை.

வயலையும் வீட்டையும் கம்பெனியே விலைக்குக் கேட்டது. கொடுத்துவிட்டோம். அதற்கும் உங்கள் பேங்க் கடன்தானாம். இதற்கும் நீ எழுந்து பேசினாயா என்று தெரியவில்லை.

தஞ்சாவூரில் குடியிருக்க இடம் பார்த்துவிட்டோம். அந்த விலாசத்தை உனக்கு எழுதப் போவதில்லை. இந்த விலாசத்துக்கும் இனி எழுதாதே. இங்கே இறால்தான் இருக்கும்.

அருள்செல்வி