இரண்டாவது முறை சொன்னது

ஜூன் 4

அன்புள்ள சிஸ்டருக்கு,

நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ராணுவ மருத்துவப் பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ அணியில் தலைவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். உடனே உங்கள் ஞாபகம் வந்தது. கூடார ஆஸ்பத்திரியில் நான் கை நீட்டுமுன் கத்தியை எடுத்துக் கொடுப்பீர்கள். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. உங்கள் அனுபவத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஓய்வு பெற்றதும் என்னை மறந்தே போனீர்களே!

அன்புடன்,
உங்கள் டாக்டர்

ஜூன் 15

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். மறக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். கேட்டதால் எழுதுகிறேன்.

அன்று கண்ணிவெடியில் சிக்கிய வண்டியிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். தொடை கிழிந்த கேப்டன் கூடாரம் அதிரக் கத்தினார். அவருடைய டிரைவர் சத்தமில்லாமல் கிடந்தான். இருந்தது ஒரே ஆபரேஷன் மேஜை.

"சார், கத்தறவர் தாங்குவார், ரத்தம் நின்னுடுச்சு. டிரைவருக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு, உள்ள கசியுது. அவனை முதல்ல எடுங்க" என்றேன்.

"இங்க டாக்டர் நீங்களா, நானா?" என்றீர்கள்.

கேப்டன் பிழைத்தார். டிரைவர் மேஜைக்கு வரவேயில்லை. பின்னால் நிற்பவருக்கும் வாய் உண்டென்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டர்

ஜூலை 2

அன்புள்ள சிஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து இதைத் தோண்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வகுப்பில் சொன்னேன். வேறொரு முகாமில், வேறொரு டாக்டருக்கு நடந்ததாகச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். ஒரு பெண் எழுந்து, "அந்த நர்ஸ் ஏன் சார் இன்னொரு தடவை சொல்லல?" என்று கேட்டாள். தயக்கம்தான் என்றேன். பின்னால் நிற்பவர்கள் இரண்டாவது முறையும் சொல்லப் பழக வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெருமை உங்களுக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்

ஜூலை 9

டாக்டருக்கு,

இரண்டாவது முறையும் சொன்னேன். கேப்டனுக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இந்தம்மாவை வெளிய அனுப்புங்கய்யா" என்று கையை உதறினீர்கள். கூடாரத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் உங்களுக்குப் பின்னால் நின்றவர்கள்தான்.

வெளியே டிரைவரின் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு எப்ப சிஸ்டர்?" என்றான்.

"அடுத்து நீதான்ப்பா" என்றேன்.

மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகு அவன் கேட்கவில்லை.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதிலை நானே பள்ளித் தலைவருக்கு எழுதிவிட்டேன். எந்த முகாம், எந்த டாக்டர் என்பதையும் எழுதியிருக்கிறேன். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.