7.40 – கரையேறினார்

12 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

கூடப் பிறக்காவிட்டாலும் உன்னை அப்படித்தான் கூப்பிட வருகிறது. நலமா? என் நலத்தைக் கேட்காதே. மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். காலையில் கடலில் நீந்தப் போன என் வீட்டுக்காரர் திரும்பாமல் இன்றோடு ஒன்பது நாள்.

உன் பதிவேட்டில் "7.40 – கரையேறினார்" என்று இருக்கிறதாம். சம்பளம் வாங்காமல் கரையைக் காவல் காக்கிறவர்கள் நீங்கள். உங்கள் எழுத்துக்கு மறுபேச்சு இல்லையாம். அதனால் கடலில் தேடவே இல்லை. கரையில் வைத்த துணிப்பையும் இல்லை. "வேற வீடு ஏதாவது இருக்கும்மா, ரொம்பக் கிளறாதீங்க" என்று போலீஸ்காரர் சிரிக்கிறார். தன் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத மனுஷனுக்கு இன்னொரு வீடா? மருமகன் பஸ் நிலையம் பஸ் நிலையமாக அலைகிறார்.

கடைசியாகப் பார்த்தவள் நீ. எந்தப் பக்கம் நடந்தார்? முகம் எப்படி இருந்தது? எனக்கு வலிக்கும் என்று மறைக்காதே.

உன் அக்கா

15 மார்ச்

அக்கா,

எந்தப் பக்கம் நடந்தார் என்று நீங்கள் கேட்டதும் நினைவுபடுத்திப் பார்த்தேன். மனதில் எதுவுமே இல்லை. அந்த வரி மட்டும்தான் இருக்கிறது.

அவர் கரையேறியதை நான் பார்க்கவில்லை.

மூன்று வருஷமாக அதே நேரத்தில் இறங்குவார், அதே நேரத்தில் ஏறுவார். எங்கள் காவல் கூண்டில் அவரைத்தான் கடிகாரம் என்போம். அவர் தண்ணீரில் கால் வைத்ததும் இறங்கினார், கரையேறினார் என்ற இரண்டு வரியையும் சேர்த்தே எழுதிவிடுவது என் பழக்கம். அன்று ஒரு படகு பாறைப் பக்கம் ஒதுங்கியது. தொலைநோக்கியை அங்கே திருப்பினேன். எட்டு மணிக்கு அடுத்த காவலுக்கு வந்தவர், "எல்லாரும் ஏறியாச்சா மேடம்?" என்றார். பதிவேட்டைப் பார்த்து, "ஆச்சு" என்றேன். ஒன்பது மணிக்கு நீங்கள் போன் செய்தபோதும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை அக்கா, நம்பிச் சொன்னேன்.

அவர் உங்களை விட்டுப் போகவில்லை. துணிப்பையை வேறு யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். போலீசிடம் எழுதிக் கொடுக்க இப்போது கிளம்புகிறேன்.

தங்கை

22 மார்ச்

கண்காணிப்பு நிலையத்துக்கு,

கடிதம் கிடைத்தது. படகுகள் மூன்று நாள் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "எவ கூடவோ போய்த் தொலையட்டும்" என்று மகள் முன்னாலேயே சொன்னேன். அப்போது அவர் எங்கே கிடந்தாரோ.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, நிம்மதி. அந்த நிம்மதிக்காக உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அவர் மனைவி