உன் காக்கா படகில் மாட்டிய ஸ்பீக்கர்

கோல சிலாங்கூர்
14 அக்டோபர் 1988

அன்பு மகள் ஹமீதாவுக்கு வாப்பாவின் சலாமும் துஆவும். அங்கே கிளாஸ்கோவில் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், படிப்பு லேசாக வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. நீ எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி, பக்கத்தில் தோழிகள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொள். உன் கூடப்பிறந்த காக்கா ஷேக் தாவூது போன மாதம் தன் கூட்டாளி செல்லனோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்துவிட்டது. செல்லன் பிழைத்து வந்துவிட்டான், நம் பிள்ளை வரவில்லை. உனக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன், இருக்கிறானா இல்லையா என்பதில் வீட்டிலேயே ஒரு முடிவு இல்லாதபோது எதை எழுதி அனுப்புவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். வாப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

பாட்டுக்கடை வைத்திருந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பாய். போன வருஷக் கடைசியில் ஒரு சட்டம் வந்தது, பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் அனுமதி இல்லாமல் டேப்பில் பதிந்து விற்கக் கூடாது என்று. நம் கடையில் எப்போதும் நடந்தது உனக்குத் தெரியும், சம்பளம் வாங்கின கையோடு எஸ்டேட் ஆட்கள் வந்து இந்தப் பாட்டு வேண்டும் அந்தப் பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், உன் காக்கா காலி டேப்பில் பதிந்து வைப்பான், அதைத் திருட்டு என்று கொடுத்தவனும் நினைத்ததில்லை வாங்கினவனும் நினைத்ததில்லை. நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரிகள் லோரியோடு வந்து பதிந்த டேப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் நம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார், “பாய், பாட்டு கட்டினவனுக்கும் பாடினவனுக்கும் இதுலதான் சோறு, நீங்க பதிஞ்சு வித்தா அவங்க கைக்கு என்ன போவும் சொல்லுங்க” என்றார். நியாயமான பேச்சு. அதற்குப் பிறகு கம்பெனி டேப் மட்டும்தான் விற்கிறோம், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கடைக்கு ஒரு ஆள் போதும் என்று ஆகிவிட்டது. உன் காக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. செல்லன் சபாக் பக்கத்து எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கிற மண்டோரின் மகன், நம் கடையே கதி என்று கிடந்தவன், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பிடிக்காமல் ஒரு சீனரிடம் சின்னப் படகை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான், இவனும் கூடப் போனான். அன்றாடம் கரை தெரிகிற தூரத்திலேயே வலை போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

நீ கிரகங்களைப் பற்றி எழுதிய கடிதம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தம் போட்டு வாசித்தேன், உன் உம்மா, காக்கா, அவன் மனைவி உன் மச்சி சல்மா எல்லாரும் கேட்டார்கள். பூமிக்கு உள்ளே ஆழத்தில் இரும்பு உருகிக் கிடக்கிறது, சட்டியில் குழம்பு கொதித்துப் புரளுவது போல அது புரளுகிறது, பூமி சுற்றுகிற சுற்று அந்தப் புரளலை ஒழுங்குபடுத்துகிறது, அதிலே மின்சாரம் உண்டாகி அந்த மின்சாரத்தால் பூமியே ஒரு காந்தமாகிறது என்று எழுதியிருந்தாய். செவ்வாய் சின்னக் கிரகம், உள்ளே ஆறி அடங்கிவிட்டதால் அதற்கு அந்தக் காந்தம் இல்லாமல் போயிருக்கும் என்று நான் வாசித்ததும் உம்மா “ஆறிப்போச்சா, பாவம்” என்று உச்சுக்கொட்டினாள், எல்லாரும் சிரித்தோம். உன் காக்கா விடுவானா, “பூமியே காந்தம்னா நம்ம கடை பாட்டெல்லாம் அழிஞ்சு போயிடுமே லா, அத அவகிட்ட கேளுங்க வாப்பா” என்றான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அதிலேயே பதில் இருந்தது. பூமியின் காந்தம் ரொம்பப் பலவீனம், ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிற காந்தம் கிட்டத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு பலம், டேப்புக்குப் பூமியால் ஆபத்தில்லை, ஸ்பீக்கரால்தான் என்று எழுதியிருந்தாய். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

இனி எழுதப்போவதை நீ ஊருக்கு வரும்போது செல்லன் வாயால் கேட்கக் கூடாது, என்னிடமிருந்தே தெரிந்துகொள். கடையில் ஜோடியாக இருந்த பெரிய ஸ்பீக்கரில் ஒன்றை, பாட்டுக் கேட்க, உன் காக்கா படகில் மாட்டியிருந்தான், அதன் கீழ்த் தட்டில்தான் டேப்புகள் இருந்தன. உன் கடிதத்தைக் கேட்ட மறுநாள், டேப் கெட்டுவிடும் என்று ஸ்பீக்கரைக் கழற்றிச் சுக்கானுக்கு முன்னால், திசை காட்டும் காம்பஸ் இருந்த பலகையில் மாட்டிவிட்டான். டேப்பையெல்லாம் பத்திரமாகத் தள்ளி வைத்தான், காம்பஸ் முள்ளும் காந்தத்துக்குத்தான் திரும்பும் என்று யோசிக்கவில்லை. பாட்டுக்காரன் பாட்டைத்தான் காப்பாற்றினான். நீ எழுதியதில் தப்பே இல்லை ஹமீதா, அவன் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டான். அல்லாஹ் மேல் ஆணையாக உன்னை நான் குறை சொல்லவில்லை, உம்மாவும் சொல்லவில்லை. இதை நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே தனியாக அழுவாய் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வலையை இழுக்கும்போது சுமத்ராக் காற்றும் மழையும் ஒன்றாக வந்து மூடிவிட்டது, கரை தெரியவில்லை. அதுவரைக்கும் அவர்களுக்குக் காம்பஸே தேவைப்பட்டதில்லை. செல்லன் என் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், “படகை எப்படித் திருப்பினாலும் முள்ளு ஒரே மாதிரி நின்னுச்சு பாய், கரைக்கு நேராத்தான் போறோம்னு ரெண்டு பேரும் நம்புனோம், தாவூது பாட்டை நிப்பாட்டவே இல்ல, பயப்படாதடா வந்துட்டோம்னு சொல்லிக்கிட்டே இருந்தான்.” கரை வரவில்லை, நடுக்கடலின் பெரிய அலைதான் வந்தது. மீன் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். உன் காக்காவின் கை விட்டுப்போனதைச் செல்லன் கண்ணால் பார்த்திருக்கிறான், கூப்பிட்டிருக்கிறான், தலை மேலே வரவே இல்லை. மறுநாள் ஒரு இழுவைப் படகு செல்லனைத் தூக்கிக்கொண்டு வந்தது. கடல் போலீஸ் சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

உன் உம்மா இதை ஏற்கமாட்டேன் என்கிறாள். மழையும் உப்பும் கண்ணில் அடிக்கும்போது அந்தச் செல்லன் எதைப் பார்த்திருப்பான் என்கிறாள். சுமத்ராக் கரையில் ஒதுங்கி ஏதோ கம்பத்து ஜனங்களோடு இருக்கிறான், பேப்பர் இல்லாததால் பிடித்து வைத்திருப்பார்கள் என்கிறாள், இந்த ஊரில் அப்படிப் போய் மாதக்கணக்கில் கழித்து வந்தவர்களின் பெயரையும் சொல்கிறாள். அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறாள், அதைத் தொட யாரையும் விடுவதில்லை. இமாம் வந்து, நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது, உடல் இல்லாவிட்டாலும் இறந்தவனுக்கான காயிப் ஜனாஸா தொழலாம் என்றார். உம்மா இமாம் முன்னாலேயே அழுது, ஹமீதா இதைத்தானே படிக்கிறாள், அந்தக் காந்தம் படகை எந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டு எழுதட்டும், அதுவரைக்கும் என் பிள்ளைக்கு மையத்துத் தொழுகை தொழ விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சல்மா பாடு இதைவிடக் கொடுமை. புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தா இருப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை, ஒரு நாள் வளையலைக் கழற்றுகிறாள், மறுநாள் உம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறாள். என் பிள்ளைக்காக நான் இன்னும் சரியாக அழக்கூட இல்லை.

நான் ஒன்று செய்து பார்த்தேன். கடையில் மிச்சமிருந்த ஸ்பீக்கரை ஒரு பலகையில் வைத்து, அதன் முன்னால் தொழுகைக்கு வைத்திருக்கிற கிப்லா காம்பஸை வைத்தேன். முள் ஆடி ஒரு பக்கம் நின்றது. பலகையோடு சேர்த்துத் திருப்பினேன், வாசலைப் பார்த்து, அடுப்படியைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து. எப்படித் திருப்பினாலும் முள்ளும் கூடவே திரும்பி ஸ்பீக்கருக்கு ஒரே மாதிரியே நின்றது. ஆகவே படகு எந்தப் பக்கம் போனாலும் அது ஒரே திசையைத்தான் காட்டியிருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உம்மாவுக்கும் செய்து காட்டினேன். கடைக்காரருக்கு என்ன தெரியும், என் மகள் சொல்லட்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன் மகளே. நான் கண்டது தப்பு என்றால் தப்பு என்றே எழுது, எனக்காக எதையும் வளைக்க வேண்டாம். சரி என்றால் உம்மாவுக்கு இரக்கப்பட்டுச் சுமத்ரா என்று மட்டும் எழுதிவிடாதே, எழுதினால் அவள் சாகிற வரைக்கும் சோறு மூடி வைப்பாள், சல்மாவும் கூடவே உட்கார்ந்திருப்பாள். அந்த முள்ளில் திசையே இல்லை, அவன் எங்கே என்று அது சொல்லாது என்று ஒரே ஒரு வரி எழுது. உன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்ட பாட்டுகளில் கம்பெனி முத்திரை உள்ள டேப் இரண்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தோழிகளிடம் வாங்கிப் பதிந்துகொள்ளாதே, அந்த ஊர்ச் சட்டம் என்னவென்று விசாரிக்காமல் எதுவும் செய்யாதே, போதாததற்கு மட்டமான டேப் சிக்கிக்கொண்டு மெஷினையும் கெடுக்கும். கம்பளியை எடுத்து மாட்டு, இருமல் வந்தால் அலட்சியமாக இருக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தைரியத்தையும் தருவானாக, பரீட்சையைக் கைவிட்டுவிட்டு ஓடி வராதே. பதிலை என் பெயருக்குப் போடாமல் உம்மா பெயருக்குப் போடு, பிரித்து அவள்தான் என் கையில் கொடுக்க வேண்டும். உன் காக்காவுக்குக் குழி வெட்ட நமக்கு மண் கிடைக்கவில்லை. உன் வரி வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் அவனுக்குத் தொழுகை வைக்க முடியும், நீ எழுதி முடித்ததும் அங்கேயே முதலில் தொழுதுவிடு.

துஆவுடன்,
உன் வாப்பா
மீரா சாகிபு