வழியில் தீர்ந்த தேறல்

மழை பிழையாது பெய்க. மடை வற்றாது பாய்க. வெண்கோட்டு நாடாளும் இறைவர் பெருமாறவேளின் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் தாழிசேந்தன் எழுதியது. குன்றவாயில் கோட்டத்து அதிபர், யானைமேல் முரசுடைய மழவரையர், சுற்றம் சூழக் கேட்டருள்க. தங்கள் புதுமாளிகை நீடு நிற்க. அதன் அடுப்பில் நெருப்பு அணையாதிருக்க.

தாங்கள் விடுத்த முறையீட்டோலை வந்தது. கழிமுகத்துத் துறையை ஆளும் கொற்றிநங்கை, புதுமனை விருந்துக்கு வந்த பண்டங்களை வழிமறித்துக் கவர்ந்தாள் என்றும், அவள் குடிக்குரிய ஓடத்துறையைப் பறித்தருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இறைவர் எம்மையே நேரில் விசாரிக்க விடுத்தார். அறிந்ததை உள்ளபடி எழுதுகிறோம்.

கணவன் மறைந்த பின் பதினோராண்டாய் அத்துறையைக் காப்பவள் கொற்றி. தங்கள் அழைப்போலை வந்த அன்று அவள் மகிழ்ந்து, பெட்டியிலிருந்த நீலப்பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். பிறகுதான் ஓலையை முழுதும் படிக்கக் கேட்டாள். கடல் கடந்து வந்த மதுத்தேறல் மூன்று சாடி அவள் கொணர வேண்டும் என்று கண்டிருந்தது. ஓடம் தள்ளி உண்பவள் வீட்டில் அத்தேறல் ஏது? அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தேறலுக்கு ஈடாகக் கருவாடு கொணரலாமா என்று ஆள் விடுத்துக் கேட்டாள். தேறல் இல்லார்க்கு இலையும் இல்லை என்று தங்கள் விருந்துக் காரியத்தார் மறுமொழி தந்தார். கொற்றி அச்சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விருந்து நாளில் நாற்பது விருந்தினர் மலைத்தேனும் குங்குமப்பூவும் தேறற்சாடிகளும் சுமந்து, அக்கரையிலுள்ள தங்கள் மாளிகைக்குச் செல்லத் துறைக்கு வந்தனர். கழியில் நீர் வற்றிக் கிடந்தது. மாலையில் கடல்நீர் ஏற்றம் வரும்வரை ஓடம் மிதவாது. வந்தவர் வெயிலில் வாடினர். அப்போது தன் மனம் இருந்த நிலையைக் கொற்றி மறைக்காது கூறினாள். அவள் சொற்களையே எழுதுகிறோம்: "எரிச்சலாத்தான் இருந்துச்சு ஐயா. இவங்களுக்கெல்லாம் இலை இருக்கு, எனக்கு இல்லையேன்னு. ஆனா பசிச்ச மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படி அடுப்பை அணைச்சு வைக்கிறது?"

செந்நெற்சோறும் மடவைமீன் குழம்பும் மோரும் ஆக்கினாள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்டாளில்லை. மூன்றாம் முறை சோறு வாங்கிய இடையாற்றுக் கிழார் நெடுமோசியார், ஏப்பம் விட்டுத் தம் தேன்குடத்தின் வாயைத் தாமே அவிழ்த்தார்.

"அது அரமனைக்குப் போறதாச்சே, மூடுங்க!" என்று கொற்றி பதறினாள்.

"அங்க கொண்டுபோனா எடை பாப்பாங்க. இங்க குடுத்தா நீ சிரிப்பே" என்றார் கிழார்.

அவள் சிரித்தாள். அதன்பின் எவராலும் தடுக்க முடியவில்லை. ஏற்றம் வருமுன் சாடிகள் அத்தனையும் கவிழ்ந்தன. படைத்தலைவர் இருவர் ஓடத்தினுள் குறட்டை விட்டனர். அக்கரைக்குச் செல்லும் எண்ணமே பலர்க்கு இல்லை. அழைத்த வீட்டுக்குப் போகாதிருப்பது முறையன்று என்று அவர்களை எழுப்பி ஏற்றி, தங்கள் வாயிலில் இறக்கிவிட்டவளும் கொற்றியே. இது கவர்ந்தவள் செய்யும் செயலன்று.

தங்கள் மாளிகையில் நாற்பது இலை விரித்து, நீர் தெளித்து, விருந்தினர் கொணர்வதையே நம்பி ஒன்றும் சமைக்காது தாங்கள் காத்திருந்ததை எண்ணி வருந்துகிறோம். சிறிது நகையும் வந்தது, பொறுத்தருள்க.

இவற்றைக் கேட்ட இறைவர் கண்ணில் நீர் வருமளவும் சிரித்தார். பின் சிரிப்பை விட்டு உரைத்தருளியதாவது: விருந்தினன் தானே கொணர்ந்தால் அன்பு, இன்னது கொணர்க என்று விதித்து வாங்கினால் அது திறை. திறை கொள்ளும் உரிமை இந்நாட்டில் ஒருவர்க்கே உண்டு. மழவரையர் அதனை மறந்தது புதுமனை மகிழ்ச்சியால் என்று இம்முறை கொள்வோம்.

ஆகவே ஓடத்துறை கொற்றியின் குடிக்கே நிலைக்கக் கடவது. வரும் பங்குனி நிறைமதி நாளில் தாங்கள் மறுவிருந்து இடக் கடவீர். நெல்லும் தங்களது, விறகும் தங்களது. கொற்றியைத் தாங்களே துறைக்குச் சென்று அழைத்து, முதல் இலையில் அமர்த்துக. இதனை அவளிடம் கூறியபோது கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னிக்கு அவர் வீட்ல யாருமே சாப்பிடலையாமே, பாவம். நான் முன்னாடியே போய்க் காய் அரிஞ்சு குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டா என்று இறைவர் கண்டிப்பாய் விலக்கியுள்ளார். அவள் நீலப்பட்டு உடுத்து அமர்ந்து உண்ண வேண்டும்.

இறைவரும் எழுந்தருள்வார். வெறுங்கையோடு வருவார், காலையிலிருந்து பல்லில் நீரும் படாமல் வருவார். யாமும் உடன் வருவோம். எமக்குக் கடைவாய்ப்பல் இரண்டு ஆடுவதால் வடையை மெத்தென்று சுடச் சொல்க.

இரட்டைக் கயல் இலச்சினை இட்டோம். இதுவே ஆணை, உலை கொதிக்கட்டும்.